மல்பெரி தெருவில் ஏமாந்தவருக்கு

கேள்வி: நானும் வீட்டுக்காரரும் திருச்சியிலிருந்து ஜெர்சி சிட்டிக்கு மகன் வீட்டுக்கு வந்து ஐந்து வாரமாகிறது. நான் முட்டைகூடச் சேர்க்காத சைவம். அவர் கோழியும் மீனும் சாப்பிடுவார். போன சனிக்கிழமை நியூயார்க்கில் லிட்டில் இத்தாலிக்குப் போனோம். ஓட்டல் வாசலில் நின்ற ஒருவர் கையைப் பிடித்து இழுக்காத குறையாக உள்ளே கூப்பிட்டார். வந்த பாஸ்தாவோ தண்ணீர் அதிகமாகிப்போன சேமியா உப்புமா மாதிரி குழைந்து கிடந்தது. பில்லைப் பார்த்து இவர் முகம் போன போக்கைச் சொல்லி மாளாது. அதற்கு முந்தின வாரம் மகன் கூட்டிப்போன விலை கூடிய இடத்தில் பாஸ்தா வேகவே இல்லை. இதில் எது சரி? அடுத்த மாதம் எங்களுக்கு நாற்பதாவது கல்யாண நாள். அன்றைக்காவது நல்ல இத்தாலியச் சாப்பாடு சாப்பிட வேண்டும். எங்கே போகலாம்?
— ஒரு வாசகி, ஜெர்சி சிட்டி

பதில்: அம்மா, முதலில் ஆறுதலாக ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த வாசல்காரரிடம் நானும் மாட்டியவன்தான். குவீன்ஸில் குடியேறிய முதல் வருஷம், ஊரிலிருந்து வந்திருந்த மாமாவைப் பெருமையாக அதே தெருவுக்குக் கூட்டிப்போனேன். தட்டு வந்ததும் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு மாமா, "இதுக்கு மேல ரசம் ஊத்திக்கணுமாடா?" என்று கேட்டார். இன்றைக்கும் எங்கள் வீட்டில் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

லிட்டில் இத்தாலியின் மல்பெரி தெரு அந்தக் காலத்தில் நிஜமான தெருதான். 1880 முதல் 1920 வரை நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட இத்தாலியர் அமெரிக்கா வந்தார்கள். பெரும்பாலோர் நாப்போலி, கலாப்ரியா, சிசிலி என்று தெற்கத்தி ஏழைகள். கப்பலை விட்டு இறங்கியவர்களில் ஏராளமானோர் முதலில் ஒண்டியது இந்த வட்டாரத்தில்தான். நாப்போலிக்காரர் மல்பெரி தெருவில், சிசிலிக்காரர் எலிசபெத் தெருவில் என்று ஊர்வாரியாகப் பிரிந்து வாழ்ந்தார்கள். கையில் நாலு காசு சேர்ந்ததும் புரூக்ளின், பிராங்க்ஸ், ஸ்டேட்டன் தீவு, நீங்கள் இருக்கிற நியூ ஜெர்சி என்று இடம் பெயர்ந்துவிட்டார்கள். 2010ஐ ஒட்டி வந்த ஒரு கணக்கெடுப்பில், இத்தாலியில் பிறந்தவர் என்று சொல்ல அங்கே ஒருவர்கூட அகப்படவில்லை. மிஞ்சியது கொடியும், சிவப்புக் கட்டம் போட்ட மேசை விரிப்பும்.

அக்கம்பக்கத்தார் வந்து சாப்பிடாத ஓட்டல் யாரை நம்பிப் பிழைக்கும்? ஊர் பார்க்க வந்தவரை நம்பித்தான். நீங்கள் மறுபடி வரப்போவதில்லை என்று வாசல்காரருக்குத் தெரியும். நல்லதாகப் போட்டாலும் வரமாட்டீர்கள், கெட்டதாகப் போட்டாலும் வரமாட்டீர்கள். அதனால் என்னுடைய முதல் விதி: வாசலில் ஆள் நிறுத்திக் கூப்பிடுகிற இத்தாலிய ஓட்டல் என்றால் எதிர்ச் சாரிக்கு மாறிவிடுங்கள். அந்த வட்டாரத்தில் சாமான் வாங்க மட்டும் போகலாம். கிராண்ட் தெருவில் டி பாலோ என்று நூறாண்டுப் பழசான சீஸ் கடை இருக்கிறது. சீட்டு எடுத்துக்கொண்டு முறைக்குக் காத்திருக்க வேண்டும். முறை வந்ததும் அவசரப்படுத்தாமல் ஒவ்வொன்றாக வெட்டி ருசி பார்க்கக் கொடுப்பார்கள். கூப்பிடுகிற கடைக்கும் காக்க வைக்கிற கடைக்கும் உள்ள வித்தியாசம் அங்கே புரிந்துவிடும்.

அடுத்து வேக்காட்டுச் சங்கதி. உங்கள் மகன் கூட்டிப்போன இடம்தான் சரி. வெண்பொங்கலுக்கு ஒரு பதம், புளியோதரைக்கு ஒரு பதம் என்று சாதம் வடிக்கிறீர்கள் அல்லவா? பாஸ்தாவுக்குப் புளியோதரைப் பதம். வெந்திருக்க வேண்டும், ஆனால் பல்லில் தட்டுப்பட வேண்டும். 'அல் டெண்டே' என்று அவர்கள் சொல்வதற்குப் பொருளும் 'பல்லுக்கு' என்பதுதான். கடித்த இடத்தில் நடுவில் ஊசிமுனை அளவு வெளுப்பாகத் தெரிந்தால் தப்பில்லை. பச்சை மாவு வாசனை அடித்தால் மட்டும் தயங்காமல் திருப்பி அனுப்புங்கள். சாஸையும் கவனியுங்கள். நல்ல சமையல்காரர் பாஸ்தா வெந்த கஞ்சித் தண்ணீரில் ஒரு கரண்டி விட்டு, சாஸோடு சேர்த்து வாணலியில் புரட்டி எடுப்பார். சாஸ் பாஸ்தாவில் ஒட்டிக்கொண்டு வரும், தட்டில் குளம் கட்டாது. உங்களுக்குக் கிடைத்தது இரண்டையும் தனித்தனியாகக் கொதிக்கவிட்டு மேலே கொட்டின சரக்கு.

இனி 'நல்ல இத்தாலியச் சாப்பாடு' என்றால் எது என்று பார்க்க வேண்டும். இந்த ஊரில் அது ஒன்றல்ல. ஸ்பகெட்டி மேலே இறைச்சி உருண்டை, ரொட்டித் தூளில் புரட்டிப் பொரித்துத் தக்காளியும் சீஸும் போட்டுச் சுட்ட கோழித் துண்டமான 'சிக்கன் பார்ம்', இவற்றை ரோமிலோ பொலோன்யாவிலோ போய்க் கேட்டால் விழிப்பார்கள். பினாங்கில் நாசி கண்டார் சாப்பிட்டிருக்கிறீர்களா? ராமநாதபுரம் பக்கத்திலிருந்து போன தமிழ் முஸ்லிம்கள் அங்கே உண்டாக்கினது. ராமநாதபுரத்தில் போய்க் கேட்டால் கிடைக்காது. அதற்காக அதைப் போலி என்போமா? இதுவும் அப்படித்தான். ஊரில் கறி கண்ணில் படுவது அபூர்வம் என்றிருந்த தெற்கத்தியர், கறி மலிவாகக் கிடைத்த நாட்டுக்கு வந்ததும் கை நிறைய எடுத்துப் போட்டுச் சமைத்தார்கள். ஊரில் கத்தரிக்காயில் செய்ததை இங்கே கோழியில் செய்தார்கள். நூறு வருஷத்தில் அது தனிச் சமையலாகிவிட்டது.

அந்தச் சமையலை அதன் வீட்டிலேயே பார்க்க வேண்டுமானால் பிராங்க்ஸில் ஆர்தர் அவென்யூவுக்குப் போக வேண்டும். இந்தப் பதிலில் ஒரே ஒரு இடத்தை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊரிலிருந்து வருகிற பாத் ரயிலில் கடைசி நிறுத்தமான 33ஆம் தெருவில் இறங்கினால் அங்கேயே டி ரயில் பிடிக்கலாம். ஃபோர்டாம் ரோட்டில் இறங்கி, கிழக்கே போகிற பஸ் ஏறுங்கள். போக மட்டும் ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், சில கடைகள் அடைத்திருக்கும். சாதாரண நாளில் காலை பதினொரு மணிக்கு அங்கே இருப்பதுதான் சரி.

நடுவில் ஒரு மூடிய சந்தை இருக்கிறது. தெருவில் தள்ளுவண்டி வைத்திருந்தவர்களை உள்ளே கொண்டுவருவதற்காக மேயர் லா கார்டியா காலத்தில், 1940இல் திறந்தது. நுழைந்ததும் சுருட்டு வாசனை வரும். ஒரு பக்கம் உட்கார்ந்து கையாலேயே சுற்றிக்கொண்டிருப்பார்கள். உறையூர்ச் சுருட்டு பார்த்து வளர்ந்த உங்கள் வீட்டுக்காரரை அந்த இடத்திலிருந்து கிளப்புவதற்குக் கொஞ்ச நேரமாகலாம்.

வெளியே 187ஆம் தெருவுக்குத் திரும்பினால் காசா டெல்லா மொஸரெல்லா. ஒரு ஆள் நிற்கிற அகலம்தான் கடை. பாலைத் திரித்துக் கட்டின தயிர்க்கட்டியைத் துண்டு போட்டு, கை பொறுக்காத வெந்நீரில் விட்டுப் பிசைவார்கள். உதிரியாக இருந்தது பரோட்டா மாவு போல இழுபடும். இழுத்து மடித்து, மறுபடி இழுத்து, முஷ்டிக்குள் வைத்துப் பிதுக்கி உருண்டையாகக் கிள்ளித் தண்ணீரில் போடுவார்கள். சூடு ஆறாத ஒரு உருண்டை வாங்கி, வெளியே நின்று அப்படியே கடித்துப் பாருங்கள். பால் கசியும். வீட்டுக்குக் கொண்டுபோய் ஃபிரிட்ஜில் வைத்தால் ரப்பராகிவிடும், அதனால் திங்கிற அளவு மட்டும் வாங்குங்கள்.

ரொட்டிக்கு மடோனியா பேக்கரி, 1918 முதல் இருக்கிறது. ஆலிவ் போட்ட ரொட்டி உங்களுக்கு. இந்தத் தெருவில் பன்றிக் கொழுப்பும் இறைச்சித் துண்டும் உள்ளே போட்டுச் சுட்ட ரொட்டியும் உண்டு, வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, ஆகவே கேட்டு வாங்குங்கள். அதே எச்சரிக்கை கனோலிக்கும். குழல் மாதிரிப் பொரித்து, கேட்ட பிறகு ரிக்கோட்டா சீஸ் நிரப்பிக் கொடுக்கிற பலகாரம். அழகாக இருக்கும், ஆனால் அந்த மாவில் முட்டையோ பன்றிக் கொழுப்போ சேர்ப்பது வழக்கம். போர்காட்டி கடையில் தகடாகத் தேய்த்த மாவை நீங்கள் கேட்கிற அகலத்துக்கு இயந்திரத்தில் வெட்டித் தருவார்கள். அது முட்டை மாவு, வேடிக்கை மட்டும் பாருங்கள்.

மளிகைக்கு டைட்டல் சகோதரர்கள் கடை. வாசல் தரையில் யூதர்களின் நட்சத்திரம் பதித்திருக்கும். 1915இல் கடை திறந்தவர்கள் ஆஸ்திரியாவிலிருந்து வந்த யூதர்கள். இத்தாலியத் தெருவில் மூன்று தலைமுறையாக ஆலிவ் எண்ணெயும் டப்பாத் தக்காளியும் விற்கிறார்கள். இப்போது தெருவில் காதில் விழுகிற பேச்சில் பாதி அல்பேனிய மொழியாக இருக்கும். இத்தாலிய ஓட்டல்களில் பலவற்றை நடத்துகிறவர்களும் அல்பேனியர்கள்தான். சமையல் கெட்டுப்போகவில்லை, கவலை வேண்டாம்.

மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு வழி. உங்கள் வீட்டுக்காரரின் சிக்கன் பார்முக்கு டொமினிக்ஸ். நீள மேசையில் முன்பின் தெரியாதவர்களோடு சேர்ந்து உட்கார வேண்டும். மெனு அட்டை கிடையாது, இருப்பதைச் சர்வர் வாயால் ஒப்பிப்பார். கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். சந்தடி வேண்டாம் என்றால் ஸீரோ ஓட்டோ நோவே. சலேர்னோ ஊரின் தொலைபேசிக் குறியீடான 089தான் கடைக்குப் பெயர். விறகு அடுப்புப் பீட்சா நன்றாக இருக்கும். எங்கே போனாலும் 'மீட்பால்' அவருக்கு வேண்டாம், மாடும் பன்றியும் கலந்திருக்கும்.

இப்போது உங்கள் தட்டுக்கு வருகிறேன். முட்டை சேர்க்காதவருக்கு இத்தாலியில் வடக்கைவிடத் தெற்கு நல்லது. வடக்கே, குறிப்பாகப் பொலோன்யா பக்கம், முட்டை போட்டுப் பிசைந்த பாஸ்தா. தெற்கே கோதுமை ரவையும் தண்ணீரும் மட்டும் சேர்த்துக் காய வைத்தது. மெனுவில் 'ஃப்ரெஷ் பாஸ்தா' என்று பெருமையாகப் போட்டிருந்தால் அநேகமாக முட்டை இருக்கும். நம் காதுக்குப் பழகின ஒரு சொல் இங்கே ஏமாற்றும்: 'கிரேவி'. பழைய இத்தாலியக் குடும்பங்கள் தக்காளிச் சாஸை அப்படித்தான் சொல்லும். 'சண்டே கிரேவி' என்றால் பன்றி, மாடு, சாஸேஜ் எல்லாம் மணிக்கணக்காக வெந்த சாஸ். உங்களுக்கு உரியது 'மரினாரா'. தக்காளி, பூண்டு, எண்ணெய், ஆரிகனோ, அவ்வளவே.

சீஸ் விஷயத்தை மறைக்கக் கூடாது. பார்மிஜானோ சீஸில் பாலைத் திரிக்க ரென்னட் என்று கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கிறதைச் சேர்க்கிறார்கள். அது அந்தச் சீஸின் சட்டப்படியான செய்முறை. பெக்கோரினோ ரொமானோவில் ஆட்டுக்குட்டியினுடையது. மொஸரெல்லா கடைக்குக் கடை மாறும், கேட்டால் சொல்வார்கள். இது தெரிந்தும் சாப்பிடுகிற சைவர்கள் நிறையப் பேர், சாப்பிடாதவர்களும் உண்டு. முடிவு உங்களுடையது. வேண்டாம் என்றால் 'வெஜிடேரியன்' என்று சொல்லாதீர்கள், 'வீகன்' என்று சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தையில் முட்டை, சீஸ், நெத்திலி எல்லாம் கழன்றுவிடும். நெத்திலி இவர்களுக்குப் பெருங்காயம் மாதிரி, கண்ணுக்குத் தெரியாமல் சாலட்டில்கூடக் கரைந்திருக்கும்.

வருத்தமான சேதி ஒன்று. புரூக்ளினில் 1904 முதல் இருந்த ஃபெர்டினாண்டோஸ் என்ற சிசிலிக் கடையை அண்மையில் மூடிவிட்டார்கள். அங்கே 'பனெல்லே' கிடைக்கும். கடலை மாவைக் கூழாகக் கிளறித் தட்டில் கொட்டி ஆற வைத்து, வில்லை போட்டு எண்ணெயில் பொரித்தது. முதல் தடவை கடித்தபோது மெரீனா பஜ்ஜிக் கடை ஞாபகம் வந்துவிட்டது. உங்களை அங்கே அனுப்பியிருப்பேன்.

பீட்சாவுக்கு வருவோம். மன்ஹாட்டனில் நடந்துகொண்டே தின்ன கார்மைன் தெரு ஜோஸ் பீட்சா போதும். துண்டை நடுவில் மடித்துப் பிடிக்க வேண்டும், கத்தி முள் கேட்டால் சிரிப்பார்கள். புரூக்ளினில் டி ஃபாரா. 1965இல் அதைத் தொடங்கினவர் 2022இல் காலமானார். வயது எண்பதைத் தாண்டியும் வெறுங்கையால் அடுப்பிலிருந்து பீட்சாவை இழுத்து, மேலே திருநீற்றுப் பச்சிலையைக் கத்தரிக்கோலால் நறுக்கிப் போடுவார். அவர் இருந்தபோது ஒன்றரை மணி நேரம் நின்றேன், இப்போது அவ்வளவு நேரம் நிற்க மாட்டேன். ஆர்ச்சர்ட் தெருவில் உனா பீட்சா நாப்போலெத்தானா என்ற கடையை ஓர் இத்தாலிய வழிகாட்டி 2024இல் உலகத்திலேயே முதலாவது என்றது. சீஸே இல்லாத மரினாரா பீட்சா அங்கே உச்சம். இடம் கிடைப்பதுதான் திருப்பதி தரிசனம்.

இவ்வளவு சொன்ன பிறகு ஒன்றைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. 2017இல் நியூயார்க் டைம்ஸ் உணவு விமர்சகர், நியூயார்க்கின் மிகச் சிறந்த பீட்சா நியூ ஜெர்சியில் இருக்கிறதோ என்று கேட்டு மூன்று நட்சத்திரம் கொடுத்தார். அவர் சொன்ன கடை ராஸா. இருப்பது ஜெர்சி சிட்டி, க்ரோவ் தெரு. உங்கள் மகனுக்குத் தெரியாமல் இருக்காது, அம்மா அப்பாவுக்கு நியூயார்க்கைக் காட்ட வேண்டும் என்ற ஆசையில் விட்டிருப்பார். அடி கருகலும் நடு மென்மையும் ஒரே துண்டில் இருக்கும். ரொட்டியும் வெண்ணெயும் தனியாகக் கேட்டு வாங்குங்கள், வெண்ணெய் அவர்களே எடுப்பது. சாதாரணச் செவ்வாய்க்கிழமை மாலை சீக்கிரமாகப் போங்கள்.

படகில் போக ஆசை இருந்தால் ஸ்டேட்டன் தீவு. படகு இலவசம், இருபத்தைந்து நிமிஷம், சுதந்திர தேவி சிலை வழியில். இறங்கிக் கொஞ்சம் மேடேறினால் எனோத்தேக்கா மரியா. அங்கே சமையலறையில் நிற்பவர்கள் பாட்டிகள். தாயை இழந்த மகன் ஒருவர் 2007இல் தொடங்கினது. முதலில் இத்தாலியப் பாட்டிகள், பிறகு பல நாட்டுப் பாட்டிகள், இலங்கைப் பாட்டியும் சமைத்திருக்கிறார். வாரக் கடைசியில் போகலாம். அன்றைக்கு யார் சமைக்கிறார், சைவம் உண்டா என்று மகனை விட்டுப் போனில் கேட்டுக்கொள்ளுங்கள். ஃபிளஷிங் பிள்ளையார் கோயிலுக்குப் போகிற நாளில், திரும்பும்போது அதே 7 ரயிலில் கொரோனா பகுதியில் இறங்கி லெமன் ஐஸ் கிங்கில் ஒரு கோப்பை வாங்கிக்கொள்ளுங்கள். எதிர்ப் பூங்காவில் பெரியவர்கள் குண்டு உருட்டி விளையாடுவார்கள், உட்கார்ந்து பார்க்கலாம்.

கல்யாண நாளுக்கு என் தீர்ப்பு வியா கரோட்டா. மன்ஹாட்டன் வெஸ்ட் வில்லேஜில் ஜோடி வில்லியம்ஸ், ரீத்தா சோடி என்ற இரண்டு பெண்கள் 2014இல் திறந்தது. ஏன் அங்கே என்றால், மெனுவில் காய்கறிக்கென்று பெரிய பகுதி ஒதுக்கி, இறைச்சிக்குக் கொடுக்கிற மரியாதையைக் கொடுக்கிறார்கள். சைவம் என்று சொன்னதும் உங்களை ஓரங்கட்டி ஒரு தட்டுத் தக்காளிப் பாஸ்தா நீட்ட மாட்டார்கள். இன்சலாட்டா வெர்டே என்று பச்சைக் கீரைகளைக் கோபுரமாக அடுக்கித் தருவார்கள். வெறும் கீரைக்கு இவ்வளவு விலையா என்று தோன்றும். முதல் வாய்க்குப் பிறகு தோன்றாது. நாலைந்து காய்த் தட்டு வாங்கி நடுவில் வைத்துச் சாப்பிடுங்கள், அவருக்கு அன்றைய மெனுவில் மீனோ கோழியோ பார்த்துக்கொள்ளலாம். மாலையில் போனால் பெயர் கொடுத்துவிட்டு இரண்டு மணி நேரம் தெருவில் நிற்க நேரும், முழங்காலுக்கு ஆகாது. வார நாளில் மதியம் மூன்று மணிக்குப் போங்கள். கிறிஸ்டோபர் தெரு நிறுத்தத்தில் இறங்கினால் ஐந்து நிமிஷ நடை. கடை இருக்கிற தெருவின் பெயரும் க்ரோவ்தான். உங்கள் ஊர் க்ரோவ் தெருவில் பாத் ரயில் ஏறி, இந்த ஊர் க்ரோவ் தெருவில் போய் உட்காரலாம்.

பில்லைப் பற்றி முன்பே சொல்லிவிடுகிறேன். மெனுவில் இருப்பது முழு விலை அல்ல. விற்பனை வரி 8.875 சதவீதம், டிப்ஸ் 20 சதவீதம் கூட வரும். 24 டாலர் என்று போட்டிருந்தால் மனசுக்குள் 31 என்று படித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு மட்டும் பில் வந்ததும் உங்கள் வீட்டுக்காரர் கண்ணில் படாமல் மகன் பக்கம் தள்ளிவிடுங்கள்.